முள்ளும் வோல்ட்டும்: நல்லவாட்டுக்கு வந்து சேரும் அயல்நாட்டுக் கணினிகள் குறித்த முதனிலை ஆய்வு

ஆய்வின் தேவை

தமிழர் திரைகடலோடிய வரலாற்றுக்கு நூல்கள் ஏராளம். திரும்பி வருகையில் அவர்கள் பெட்டிக்குள் சுருண்டு கிடந்த ப்ளக்கைப் பற்றி ஒரு நூலும் கிடைத்திலது. அக்குறை இன்றோடு ஒழிக.

ஆய்வுக்களம், புதுச்சேரியின் கடலோர ஊரான நல்லவாடு. நிலத்தால் நெய்தல், பொருள்வயிற் பிரிவுக்கும் குறைவில்லை. கணினியும் இங்கே புதிதன்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு 1998-இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தில் இவ்வூரும் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 காலை சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் தொலைபேசியில் எச்சரிக்க, அத்திட்டத்தின் அறிவு மையத்து ஒலிபெருக்கி அதை ஊருக்குச் சொல்ல, ஆயிரக்கணக்கானோர் சுனாமிக்குத் தப்பினர். வெளிநாட்டிலிருந்து வந்தவற்றுள் அடாப்டர் கேட்காதது அந்தக் குரல் ஒன்றே. மற்றவை யாவும் கேட்கும்.

எடுகோள்

அயல்நாட்டுக் கணினியின் ஆயுள் ப்ளக்கின் முள்ளில் இல்லை. அடாப்டரின் அடிப்புறத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சிட்ட ஒரு வரியில் உள்ளது.

திணைப் பாகுபாடு

சிங்கப்பூர்த் திணை: மூன்று தட்டை முள், வயிற்றுக்குள் ஒரு பீஸ். 1947-இல் பிரிட்டன் வகுத்த தரம் இது. நம் சுவரில் இருப்பதோ அதே பிரிட்டனின் 1934-ஆம் ஆண்டுத் தரத்தின் வழிவந்த உருண்டை முள். எனினும் இரு ஊரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். முள்ளுக்கு மட்டுமே பகை. துபாய் இதன் கிளைத் திணை.

பிரெஞ்சுத் திணை: பாரிஸில் உறவுள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்குரியது. கரண்ட் இதிலும் ஒன்றே. இரு முள்ளின் இடைவெளி 19 மில்லிமீட்டர்; நம் ஆறு ஆம்பியர் சாக்கெட்டின் கீழ் ஓட்டைகளுக்கும் ஏறக்குறைய அதே. ஆனால் பிரான்சில் எர்த் முள் சாக்கெட்டிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும். நம் சாக்கெட்டில் அது இல்லை. ஆகவே ப்ளக் நுழைந்தாலும் எர்த் கிடையாது.

அமெரிக்கத் திணை: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இதைப் பாலை எனக் கொள்க. பிரிவோடு எரிவும் இதன் உரிப்பொருள்.

கள வழக்கங்கள்

ரீஃபில் முறை: எர்த் ஓட்டையில் பேனாவை விட்டு மற்ற ஓட்டைகளின் மூடியைத் திறப்பது. தீக்குச்சி முறை: ப்ளக்கை அறுத்தெறிந்து, வயரைச் சீவி, ஓட்டையில் விட்டு, தீக்குச்சியால் இறுக்குவது. இவை தரநூல் எதிலும் இல்லை; வழக்கில் உண்டு. வழக்கு வலிது, ஷாக் அதனினும் வலிது.

கையறுநிலை

பழைய டெஸ்க்டாப்பின் பின்புறம் 115, 230 என்று இரு நிலை காட்டும் சிவப்பு ஸ்விட்ச் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்தது 115-இல் நிற்கும். யாரும் அதைத் தொடாமல் நம் கரண்டில் போட்டால், உள்ளே வோல்ட்டை இரட்டிப்பாக்கும் சுற்று தன் கடமையைச் செய்யும். 200 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர்மேல் 325 வோல்ட் ஏறும். ‘டப்’பென்று ஓர் ஓசை, பிறகு புகை. அதன்பின் வீட்டார் பாடும் கையறுநிலைக்கு ஒரே அடிதான்: “அங்க நல்லாத்தானே ஓடுச்சு!”

லேசர் பிரிண்டரின் கதை இதனினும் கொடிது. அதன் உள்ளே ஹீட்டர் இருக்கிறது. 120 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டரில் 230 பாய்ந்தால் வெப்பம் மூன்றரை மடங்கைத் தாண்டும். அதற்கு ஈடுகொடுக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரைத் தூக்கவே ஆள் வேண்டும்.

மறுப்பும் விடையும்

விமான நிலையத்தில் வாங்கிய அடாப்டர் இருக்கிறதே என்பர். அது முள்ளை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. வேட்டி கட்டியவர் பேன்ட்டுக்கு மாறினால் பசி மாறுமா?

முடிபு

1. ‘இன்புட் 100–240 வோல்ட், 50–60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் அஞ்சற்க. முள்ளை மட்டும் மாற்றுக. இன்றைய லேப்டாப், செல்போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இவ்வகை.

2. டெஸ்க்டாப்பில் செருகும் முனை எங்கும் பொது. உள்ளூர்க் கடையில் எர்த் உள்ள பவர் கார்டு வாங்கினால் போதும். அதற்கு முன் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230-க்குத் தள்ளுக.

3. 120 மட்டும் போட்ட பிரிண்டரை அங்கேயே விற்றுவிட்டு வருக.

வெளிநாட்டு உறவினர்க்கு ஒரு வேண்டுகோள்: பெட்டி கட்டும்முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள். எழுத்து தெரியவில்லையென்றால் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.