மூணும் மூணும் ஆறு

பெட்டியின் மேல் ‘6 ஜிபி ராம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்திலேயே, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினால் மட்டும் தெரிகிற எழுத்தில் ‘3+3’. கடைக்காரத் தம்பியிடம் விளக்கம் கேட்டேன்.

“மூணு ஒரிஜினல் சார், மூணு விர்ச்சுவல்.”

“விர்ச்சுவல்னா?”

“இருக்கும் சார். ஆனா இருக்காது.”

சித்தர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சொன்னதைத் தம்பி ஏசி ஷோரூமில் நின்றபடி சொல்லிவிட்டார். நான் 7,499 ரூபாயை எண்ணி வைத்தேன். அதில் விர்ச்சுவல் எதுவும் கிடையாது.

பிறகு விசாரித்ததில் விஷயம் புரிந்தது. போனின் சேமிப்பிலிருந்து மூன்று ஜிபியைக் கைமாற்றாக எடுத்து அதற்கு ராம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சேமிப்புச் சில்லு ராமைவிடப் பல மடங்கு மந்தம். அதனால் அந்த ஆறில் மூன்று வேலை செய்கிறது, மூன்று வேலை செய்வதாகச் சொல்லிக்கொள்கிறது. எங்கள் ஆபீஸிலும் ஏறக்குறைய இதே விகிதம்தான் என்பதால் நான் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

பின்பக்கம் நான்கு வட்டங்கள். நான்கு கேமரா என்று நினைத்துப் பெருமையோடு மச்சினனிடம் காட்டினேன். அவன் ஐ.டி.க்காரன், ஒரு பார்வையிலேயே பிரித்து மேய்ந்துவிட்டான். ஒன்று நிஜ கேமரா. இன்னொன்று இரண்டு மெகாபிக்சல் மேக்ரோ. ஈயின் கண்ணைப் படமெடுக்க உதவும், ஈ ஒத்துழைத்தால். மூன்றாவது ஆழம் பார்க்கிறதாம். நான்காவது ஃப்ளாஷ். ஆக, நான்கில் ஒன்று ஆடுகிறது, மற்றவை ஒப்புக்குச் சப்பாணி. சார்ஜர் சங்கதி இன்னும் விசேஷம். போன் 18 வாட் வேகத்தில் சார்ஜ் ஏறக்கூடியது என்று பெட்டி சொல்கிறது. அதே பெட்டிக்குள் இருக்கும் சார்ஜர் 10 வாட். போன் தயாராகத்தான் இருக்கிறது, கூட வந்ததுதான் சரியில்லை.

இவ்வளவு குறைந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். 2016 பிப்ரவரியில் ஃப்ரீடம் 251 என்று ஒரு போனை 251 ரூபாய்க்கு அறிவித்தார்கள், நினைவிருக்கிறதா? நாடே முண்டியடித்து முன்பதிவு செய்ததில் இணையதளம் படுத்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்குப் போன் வந்து சேரவில்லை. அவர்களை ஏமாந்தவர்கள் என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். என் கணக்கில் அவர்கள் 251 ரூபாயோடு தப்பித்தவர்கள்.

கட்டுப்படியாகும் ரகசியம் போனைத் திறந்தால் தெரியும். 64 ஜிபி இடம் என்றார்கள். குடியேறிய அன்றே பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. முழு வீட்டுக்கும் வாடகை வாங்கிக்கொண்டு, “அந்த ஒரு ரூம்ல மட்டும் எங்க பழைய சாமான் கொஞ்சம் கிடக்கும், கண்டுக்காதீங்க” என்று சொல்லும் வீட்டுக்காரர்களை மேற்கு மாம்பலத்திலும் ட்ரிப்ளிகேனிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். போன் கம்பெனிக்காரரும் அந்த ரகம். அறைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். கடன் கொடுக்க ஒருவர், ரம்மி ஆடக் கூப்பிட ஒருவர், செருப்பு விற்க ஒருவர், ஜாதகம் பார்க்க ஒருவர். காலி செய்யச் சொன்னால் ‘நீக்கு’ என்ற பட்டனே கிடையாது, ‘முடக்கு’ மட்டும்தான். அதாவது வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள், இடத்தை விடமாட்டார்கள். இவர்களை உள்ளே விடுவதற்காகக் கிடைக்கும் பணமும் பூட்டுத்திரையில் ஓடும் விளம்பரமும்தான் என் போனின் விலையைக் குறைக்கிறது. அந்த வகையில் செருப்புக்காரர் எனக்கு உபகாரிதான்.

மீதி இடத்தை என் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். கும்பகோணம் சித்தப்பா காலை ஐந்தரைக்குப் பனித்துளி ரோஜா அனுப்புவார். சித்தி முருகன். பெரியத்தை மகன் விவேகானந்தர் சொல்லாத ஒன்றை விவேகானந்தர் படத்தோடு அனுப்புவான். இது ஏதோ எங்கள் வம்சத்துக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்தால் தப்பு. இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தினமும் இடம் தீர்ந்துபோகிறது, குட் மார்னிங் படங்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கூகுள் ஆராய்ந்து கண்டுபிடித்ததை 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தியாகவே போட்டது. கலிபோர்னியாவில் விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டறிந்தது என் சித்தப்பாவை. தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்திப் பார்த்தேன். அந்த ஞாயிறே சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. “நேத்து அனுப்பிச்ச சக்கரத்தாழ்வார் படம் பாத்தியாடா? எதுல இருந்து சுதர்சன மந்திரம் ஆரம்பிக்குது, சொல்லு பாப்போம்.” மறுபடி ஆன் செய்துவிட்டேன்.

இடம் நிரம்ப நிரம்பப் போன் மந்தமாவதற்கும் காரணம் இருக்கிறது. இந்த விலைப் போன்களில் இருப்பது இஎம்எம்சி என்ற பழைய வகைச் சில்லு. ஒரு சமயத்தில் படிக்கும், அல்லது எழுதும். இரண்டையும் சேர்த்துச் செய்யாது. விலை உயர்ந்த போன்களில் உள்ள யுஎஃப்எஸ் இரண்டையும் ஒருசேரச் செய்யும். போதாததற்கு, இந்தச் சில்லுகளில் எழுதியதன் மேலேயே திருத்தி எழுத முடியாது. ஒரு பகுதியை மொத்தமாக அழித்த பிறகுதான் புதிதாக எழுத முடியும். காலி இடம் இருந்தால் சட்டென்று நடக்கும். இல்லையென்றால் இங்கிருப்பதை அங்கே தள்ளி, அதை அழித்து, பிறகு எழுதி... அதுவரை திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வட்டத்தை இத்தனை காலம் பார்த்ததில் எனக்குத் தியானமே கைகூடியிருக்க வேண்டும்.

போனோடு வந்த ‘கிளீனர்’ ஒன்று உண்டு. “உங்கள் போன் சூடாக இருக்கிறது, குளிர்விக்கவா?” என்று உள்ளன்போடு கேட்கும். சரி என்றால் முப்பது விநாடி விளம்பரப் படம் ஓட்டும். அந்தப் படத்தில் போன் இன்னும் கொஞ்சம் சூடாகும்.

சரி, பேசத்தானே போன் என்பீர்கள். அங்கேதான் எனக்குச் சரித்திரம் இருக்கிறது. மணி அடிக்கும், திரை இருட்டாக இருக்கும். யார் என்று தெரியாது, எடுக்கப் பட்டனும் இருக்காது. மணி அடித்து ஓய்ந்ததும் பளிச்சென்று வெளிச்சம் வந்து, முதலாளி பெயரும் பச்சைப் பட்டனும் தோன்றும். அழுத்தினால் மிஸ்டு கால். “ஏன்யா எடுக்கல?” “எடுத்தேன் சார், வரல.” இந்த வாக்கியத்தை அவர் நம்பியதாக இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எடுத்துவிட்டாலும் நிம்மதி கிடையாது. காதருகே கொண்டுபோனால் திரை அணைய வேண்டும்; அதற்கென்று ஒரு சென்சார் உண்டு. விலையைக் குறைக்க அதைப் பிடுங்கிவிட்டு, போன் எப்படி அசைகிறது என்பதை வைத்து மென்பொருளே உத்தேசமாக முடிவெடுப்பதாக ஏற்பாடு செய்திருக்கிறார்கள். உத்தேசம் தவறும்போது என் கன்னம் பேச்சில் கலந்துகொள்ளும். மியூட் போடும், ஹோல்டு போடும். ஆடிட்டரிடம் ஜிஎஸ்டி பாக்கியைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அதே அழைப்பில் என் கன்னம் கொழுந்தியாளையும் இழுத்துக் கோத்துவிட்டது. ஜிஎஸ்டி பற்றி அவளுக்கு இருந்த கருத்துகள் ஆடிட்டருக்கே புதிது.

வீட்டுக்குள் நடக்கும் அவமானம் ஒரு ரகம். வெளியே நடப்பது வேறு ரகம், ஏனென்றால் அங்கே பின்னால் வரிசை இருக்கும். யுபிஐ 2016இல் வந்தது. இன்று தாம்பரத்தில் பூ விற்கிற அம்மாவும் அட்டை மாட்டியிருக்கிறார். டீக்கடையில் டம்ளரைக் கையில் வாங்கியதுமே பணம் கட்டும் செயலியைத் திறந்துவிடுவேன். முதலில் அதன் சின்னம் வரும். பிறகு சலுகைகள் பூத்துக் குலுங்கும். பிறகு சுரண்டிப் பரிசு வெல்லச் சொல்லும். டீ தீரும் சமயத்தில் கேமரா திறக்கும். வெயிலில் திரை தெரியாது. பின்னால் நிற்கிறவர் தன் போனை நீட்டுவார், டிங்கென்று சத்தம், சவுண்ட் பாக்ஸ் அம்மையார் அவர் பணத்தை மைக்கில் அறிவிப்பார். அவருக்குப் பின்னால் இருந்தவருக்கும் டிங். மாஸ்டர் என்னைக் கனிவோடு பார்த்து, “நாளைக்குக் குடுங்க சார்” என்பார். பையில் பணம் வைத்துக்கொண்டே கடனாளியாவதற்கு இந்தக் காலத்தில் இப்படி ஒரு வழி. இப்போதெல்லாம் சட்டைப்பையில் சில்லறை வைத்திருக்கிறேன். போனை வெறுமனே கையில் பிடித்திருப்பேன்.

தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு மின்ரயில் டிக்கெட் பத்து ரூபாய். இதையும் போனில் எடுக்கலாம், ஆனால் ஸ்டேஷனுக்கு வெளியே நின்றுதான் எடுக்க வேண்டும். பரிசோதகரைக் கண்டதும் ரயிலுக்குள்ளேயே டிக்கெட் எடுக்கிற கெட்டிக்காரர்களைத் தடுக்கத்தான் இந்த விதி, நியாயமான விதி. சிக்கல் என் போனின் ஜிபிஎஸ்ஸில். நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் இளநீர்க்கடைப் பக்கம் நிற்கிறேன். போன் சத்தியம் செய்கிறது நான் தண்டவாளத்தின் நடுவே நிற்பதாக. பின்னால் நகர்ந்தேன். இன்னும் நகர்ந்தேன். இளநீர்க்காரர் “எங்க சார் போறீங்க, ஸ்டேஷன் அந்தப் பக்கம்” என்றார். டிக்கெட் எடுக்க ஸ்டேஷனை விட்டு ஓடும் ஒரு மனிதனை அவர் தொழிலில் பார்த்திருக்க மாட்டார். டிக்கெட் வந்தபோது 8.40 போய்விட்டது. ரயிலில் பரிசோதகர் கேட்கும்போது திரை உறைந்துபோனால் குறைந்தபட்ச அபராதம் 250 ரூபாய் என்ற பயம் வேறு. காகித சீசன் டிக்கெட்டுக்கு மாறிவிட்டேன். காகிதம் ஹேங் ஆவதில்லை.

செயலி எழுதுகிற பிள்ளைகள் மேல் எனக்குத் துவேஷம் இல்லை. அவர்கள் கையில் இருக்கும் போன் வேறு, அவ்வளவுதான். அதில் எல்லாம் சொன்னபடி கேட்கிறது. மாதம் ஒருநாள் என் போனைக் கொடுத்து, மே மாத மதியத்தில், பின்னால் பதினைந்து பேரை நிறுத்திவைத்து, அவர்கள் எழுதியதை அவர்களையே இயக்கச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ரேஷனிலிருந்து பேங்க் வரை எல்லாவற்றுக்கும் போன் வேண்டும் என்று ஆக்கிய பிறகு, எந்தப் போன் என்பதையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சார்ஜ் ஏறாமல் அடம்பிடித்தபோது ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் என் முகத்தைப் பார்க்காமல், “என்ன செட்டு?” என்றார். மாடலைச் சொன்னேன். அதன் பிறகுதான் முகத்தைப் பார்த்தார். ஊசியால் சார்ஜிங் பின்னிலிருந்து ஒரு கொத்துப் பஞ்சை எடுத்தார். என் சட்டைப்பைகளின் வரலாறு முழுவதும் அதில் இருந்தது. “ஸ்லோவா இருக்குன்னா ஒண்ணும் பண்ண முடியாது சார், இது பொறப்பே அப்படி. டிஸ்ப்ளே போச்சுன்னா மட்டும் எடுத்துட்டு வராதீங்க. அந்தக் காசுக்குப் பாதி போனே வந்துடும்.” அவருடைய போன் அடித்தது. எடுத்தார். பட்டன் போன்.

நவம்பர் வந்தது. அப்பா ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்.பில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். ஜீவன் பிரமாண் என்ற பெயரில் 2014இலிருந்தே இது ஆன்லைனில் உண்டு. கைரேகை வைக்க வேண்டும். வெல்டிங் பண்ணிய விரலில் ரேகை ஏது? நல்லவேளையாக 2021இலிருந்து முகத்தைக் காட்டினாலே போதும் என்றாக்கிவிட்டார்கள். போனில் 4 ஜிபி ராம் இருக்க வேண்டும் என்று குறிப்பில் கண்டது. என் பெட்டியில்தான் ஆறு என்று போட்டிருக்கிறதே என்று துணிந்தேன்.

இரண்டு செயலிகள் வேண்டும். இடத்துக்காகச் சித்தப்பாவின் ரோஜாத் தோட்டத்தையே அழித்தேன். அப்பா குளித்து, விபூதி இட்டு, வெள்ளைச் சட்டையில் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார். முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவந்தேன்.

“கண்ணச் சிமிட்டச் சொல்லுதுப்பா.”

“சிமிட்டிட்டேன்.”

அப்பா சிமிட்டி முடித்து, தலையைத் திருப்பி அம்மாவிடம் காபி கேட்ட பிறகு, திரையில் இருந்த அப்பா நிதானமாகச் சிமிட்டினார். அதற்குள் நேரம் கடந்துவிட்டதாகச் சொல்லி வட்டம் மறைந்தது. மறுபடி. அப்பா சிமிட்டினார். போன் சூடானது, குளிர்விக்கவா என்று கிளீனர் வந்து அப்பாவின் முகத்தை மறைத்தது. மறுபடி.

“ஏண்டா, அவர் இருக்கார்னு நான் சொன்னாக் கேக்க மாட்டாங்களா?” என்றாள் அம்மா.

“செத்தவன் எவனாவது இவ்ளோ நேரம் சிமிட்டுவானாடா?” என்றார் அப்பா.

மாடிவீட்டுப் பெண் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். தன் போனில் செயலிகளை ஏற்றினாள், முதலில் தன் முகத்தைக் காட்டினாள், பிறகு அப்பாவிடம் நீட்டினாள். அப்பா ஒருமுறை சிமிட்டினார். பச்சை வட்டம். குறுஞ்செய்தி வந்துவிட்டது. “அவ்ளோதான் தாத்தா” என்று பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா என் கையில் இருந்த போனை எட்டிப் பார்த்தார். அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“அத ஆஃப் பண்ணிடுறா. ரெண்டு எடத்துல உயிரோட இருந்தா பென்ஷன் ஆபீஸ்ல கேள்வி கேப்பான்.”