நுரையதிகாரம்

சவரம் செய்துகொள்ளும் ஆடவர் நால்வகைப்படுவர்: சலூனுக்குப் போவோர், மெஷின் ஓட்டுவோர், டப்பாவை அழுத்தி ஃபோம் எடுப்போர், பிரஷ் பிடிப்போர். தாடி வளர்ப்போரையும் சேர்த்து ஐவர் என்பாரும் உளர். தொழிலே செய்யாதவர் தொழிற்பெயர் பெறார் என்று அவர்களை மறுக்க. முதல் மூவரைப் பற்றி இந்நூலுக்குக் கவலை இல்லை. நான்காமவர் அருகிவரும் இனம். பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் கூடும் நசரத்பேட்டையில் அவ்வினத்தில் ஒருவராவது வசிக்கிறார் என்பதற்கு இக்கட்டுரையே சான்று.

நூல் நுதலிய பொருள் குதிரைமயிர்ப் பிரஷ். இலக்கணம் எழுதப் புகுந்தவன் முதலில் நுரைக்கு இலக்கணம் சொல்ல வேண்டும் என்பது மரபு. எனவே முதல் நூற்பா:

நுரைஎனப் படுவது நீரும் காற்றும்
சோப்பிடைப் பிணைந்த தொடக்கம் என்ப.

உரை: தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைச் சோப்பு குறைக்கிறது. அதனால் தண்ணீர் மெல்லிய படலமாக விரிந்து காற்றைச் சுற்றி மூடிக்கொள்கிறது. குளியல் சோப்பு கொடுக்கும் குமிழி பெரியது, சீக்கிரம் உடையும். சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் காரமும் தாராளம் என்பதால் குமிழி பொடியாகவும் நெருக்கமாகவும் அமைந்து, முகத்தில் ஒட்டி நிற்கும். நின்ற நேரம் முழுவதும் முடி ஊறும். ஊறிய முடியை பிளேடு இழுக்காது, வெட்டும். சவரத்தின் ரகசியம் பிளேடில் இருக்கிறது என்று ஐந்து பிளேடு, ஆறு பிளேடு அடுக்கி விற்கிறார்களே, அந்தக் காசில் பாதியைச் சோப்புக்கும் பிரஷ்ஷுக்கும் போட்டால் ஒரு பிளேடே போதும். இது நூலாசிரியன் கருத்து. கம்பெனிகள் உடன்படா.

இனி மயிரியல். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தார். அந்தக் கணக்கில் பிரஷ்ஷுக்கு மயிர் தரும் பன்றி, வளைக்கரடி எனும் பேட்ஜர், குதிரை மூன்றும் ஐயறிவு உயிர்களே. நைலானுக்கு ஓரறிவும் இல்லை. ஆனால் விலை குறைவு, நனைத்த மறுநிமிடம் வேலைக்குத் தயார், மாலைக்குள் காய்ந்துவிடும். அறிவில்லாதவர்கள் சுறுசுறுப்பாக இருப்பது பிற துறைகளிலும் காணப்படுவதே.

அறிவை வைத்துப் பிரிக்க முடியாது என்றான பின், பெறும் முறையை வைத்துப் பிரிப்பதே தகும்.

கொன்றுகொள் மயிரும் கொய்துகொள் மயிரும்
என்றிரு பாற்றே பிரஷ்மயிர் என்ப.

வளைக்கரடி மயிர் கொன்றுகொள்வது. அதில் ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று படிநிலைகள் உண்டு. விலையும் படிப்படியாக ஏறும். பன்றிமயிர் பெரும்பாலும் கசாப்பின் உபரி. முதலில் துடைப்பத்தின் மிச்சம் போலக் குத்தும், பழகப் பழக நுனி பிளந்து மெதுவாகும், உபயோகிக்கும் முன் சில நிமிடம் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். கீரிப்பிள்ளை மயிரிலும் பிரஷ் கட்டினார்கள், குறிப்பாகச் சித்திரம் வரைவோருக்கு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கீரியையும் காப்பதால் அந்த வியாபாரம் குற்றம். 2019-இல் மத்திய வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு பல மாநிலங்களில் சோதனை போட்டுக் கீரிமயிர்ப் பிரஷ்களைப் பறிமுதல் செய்தது. கீரிமயிர் என்று யாராவது பெருமையாக நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்க.

கொய்துகொள்வது குதிரைமயிர் ஒன்றுதான். பிடரியையும் வாலையும் கத்தரித்துச் சீர் செய்யும்போது கிடைப்பது. ஒரு முடி போனாலே உயிரை விட்டுவிடும் என்று வள்ளுவர் சொன்ன கவரிமாவின் மானம் குதிரைக்குக் கிடையாது. முடியைக் கொடுத்துவிட்டு மறுவேளை கொள்ளைத் தின்னப் போய்விடும். சைவர்களும் சமணர்களும் கூசாமல் முகத்தில் தடவலாம்.

குதிரைமயிரின் கௌரவத்தை ஐயுறுவோர் மார்கழிக் கச்சேரிக்குப் போய்ப் பார்க்கவும். பாலுசாமி தீட்சிதர் வயலினை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்த காலம் தொட்டு, வில்லில் கட்டியிருப்பது குதிரை வால்மயிர். சபாவில் யாரும் முகம் சுளித்ததில்லை. லண்டனில் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் 1822-இல் குதிரைமயிர் விக்குக்குக் காப்புரிமை வாங்க, வக்கீல்களும் நீதிபதிகளும் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். தலையில் வைத்தால் நீதி, வில்லில் கட்டினால் நாதம், கன்னத்தில் தேய்த்தால் மட்டும் அருவருப்பா?

அருவருப்புக்கு ஒரு காரணம் உண்டு, அது கொஞ்சம் நீளமானது. முதல் உலகப்போர் வரை மேல்நாட்டுக் கனவான்களின் பிரஷ் வளைக்கரடி மயிரால் ஆனது. போர் மூண்டதும், ஐரோப்பாவில் சுத்தம் செய்யப்பட்டு வந்துகொண்டிருந்த மயிருக்கு வழி அடைபட்டது. அதே நேரத்தில் தேவையோ பெருகியது: விஷவாயு முகமூடி கன்னத்தோடு கவ்வி ஒட்ட வேண்டுமானால் தாடி இருக்கக் கூடாது, லட்சக்கணக்கான சிப்பாய்கள் தினம் சவரம் செய்தாக வேண்டும். வியாபாரிகள் ஆசியாவிலிருந்து மலிவான குதிரைமயிரை இறக்கி, வெளுத்து, நடுவில் கறுப்புப் பட்டை விழுமாறு சாயம் தோய்த்து, வளைக்கரடி போலவே பிரஷ் கட்டினார்கள். நரியைப் பரியாக்கியது மதுரையில் சொக்கன் நிகழ்த்திய திருவிளையாடல். பரியைக் கரடியாக்கியது இவர்கள் நிகழ்த்தியது. மாணிக்கவாசகர் கதையில் ராத்திரியோடு குட்டு வெளிப்பட்டது போலவே இங்கும் வெளிப்பட்டது. சாயம் போட்டவர்கள் மயிரைக் கிருமி நீக்கம் செய்யவில்லை. அதில் ஆந்த்ராக்ஸ் வித்துகள் உட்கார்ந்திருந்தன. சவரத்தில் விழும் சின்னக் கீறல் வழியே அவை உள்ளே போயின. முகத்திலும் கழுத்திலும் கொப்புளம், பிறகு கறுத்த பொருக்கு, சிலருக்கு மரணம். 1915 முதல் 1924 வரை அமெரிக்காவில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு சவர பிரஷ்ஷால் இந்த நோய் வந்தது. 1920-இல் பிரிட்டன் ஜப்பானிய சவர பிரஷ் இறக்குமதியையே தடை செய்தது.

ஆந்த்ராக்ஸ் என்றால் வெளிநாட்டு நோய் என்று எண்ண வேண்டாம். நம் ஊர் மாட்டுக்காரர்கள் அடைப்பான் என்பது அதைத்தான். நசரத்பேட்டையில் பஸ் ஏறி இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில், 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் கால்நடைகளுக்கு அந்தத் தடுப்பு மருந்தைத் தயாரிக்கிறது. வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கக்கூடியவை. ஆகவே அந்தக் காலத்தவர் பயந்தது நியாயமே. ஆனால் பழி குதிரைமேல் விழுந்ததுதான் அநியாயம். குற்றம் சாயக்காரனுடையது, மயிரைக் கழுவாமல் விற்றவனுடையது. குதிரை தன் வாலை வளைக்கரடி வால் என்று எங்கேயும் சொல்லவில்லை. இன்று ஸ்பெயின் நாட்டில் முறையாகச் சுத்திகரித்த மயிரில் பிரஷ் கட்டுகிறார்கள், குதிரை என்று சொல்லியே விற்கிறார்கள். பழைய பிரஷ் என்று பழம்பொருள் கடையில் எடுத்து ஆசையாக முகத்தில் தேய்ப்பதை மட்டும் தவிர்க்க.

பூந்தமல்லி பஜாரில் கேட்டுப் பார்த்தேன். ஃபேன்சி ஸ்டோர் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குதிரை முடியா? அதெல்லாம் வராது சார். இது இருக்கு, நல்லா போவுது" என்று நைலான் பிரஷ்ஷை எடுத்து வைத்தார்.

பிறகு பார்சலில்தான் வந்தது. மரக் கைப்பிடி. கொத்தை வெளிச்சத்துக்குக் காட்டினால், மெல்லிய பிடரிமயிர் பழுப்பாக லேசாக வளைந்து கிடக்க, அதன் ஊடே வால்மயிர் கறுப்பாக, தடித்து, யாருக்கும் வளையாமல் நிற்பது தெரிந்தது. இந்தக் கலப்புதான் விஷயம். பிடரி மட்டும் என்றால் துவளும், வால் மட்டும் என்றால் குத்தும். நனைத்ததும் வாசனை எழுந்தது.

"என்னங்க, பாத்ரூம்ல குதிரை கட்டியிருக்கீங்களா?" என்று வீட்டில் குரல் வந்தது. புதுக் குதிரைமயிர் ஈரத்தில் லாயத்தை நினைவூட்டும் என்பதை மறைப்பதற்கில்லை. சோப்பு போட்டு நுரைத்து, அப்படியே ராத்திரி முழுக்க வைத்து அலசினால் குறைகிறது. கொஞ்ச நாள் போனால் போய்விடுகிறது. ஆரம்பத்தில் இரண்டொரு முடி உதிரும், அதற்கும் பதற வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் முன்னோர் வழி. இனிச் சொல்வது இந்நூலாசிரியன் கண்டது. பிரஷ்ஷை மயிரால் வகைப்படுத்துவது பாதி உண்மையே. மீதிப் பாதி தண்ணீரில் இருக்கிறது.

போரும் கேனும் லாரியும் மழையும்
நீரெனப் படுமே நசரைப் பேட்டை.

உரை: பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அங்கேயே நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது, தண்ணீர் குழாயேறிப் பட்டணத்துக்குப் போகிறது. என் வீட்டுக் குழாயில் வருவதோ போர் தண்ணீர். ஏரிக்கரையில் இருந்துகொண்டு உப்புத் தண்ணீரில் முகம் கழுவுவது புறநகர்வாசியின் உரிப்பொருள்.

போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். சோப்பு முகத்துக்கு வருவதற்கு முன் அவற்றோடு கூடி, கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். பாத்ரூம் வாளியின் உள்ளே வளையம் வளையமாகப் படிந்திருப்பது அதுவே. ஆர்.ஓ. மெஷின் பார்க்க வரும் தம்பி பேனா மாதிரிக் கருவியை முக்கி, "டி.டி.எஸ். ஜாஸ்தி சார்" என்பார். சோப்புக்கு டி.டி.எஸ். பொருட்டல்ல, கடினத்தன்மைதான் பொருட்டு. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. இரண்டுக்கும் இடையில் சவர சோப்பு படும் பாட்டைத் தர நிர்ணயக்காரர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

எவர்சில்வர் டம்ளரில் செய்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். போர் தண்ணீரில் நைலான் பிரஷ் கட்டி சோப்பின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வரும் நுரை பெரிய பெரிய கண்ணாக வந்து, வலக் கன்னத்தை முடிப்பதற்குள் இடக் கன்னத்தில் காய்ந்து சாம்பல் பூத்துவிடுகிறது. வளைக்கரடி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதே தண்ணீரில் போட்டுப் பார்த்தார். அது தண்ணீரை நிறையக் குடித்துக்கொண்டு, கடின நீரையே மேலும் மேலும் நுரைக்குள் கொட்டியது. முழங்கை வரை வடிந்தது. பன்றிமயிர் சோப்பை நன்றாகச் சுரண்டுகிறது, ஆனால் ஊறவைக்கும் பொறுமை ஆபீஸ் போகிறவனுக்கு இல்லை. குதிரையை நனைத்து, இரண்டு உதறு உதறி, சோப்பின் மேல் கொஞ்சம் அதிக நேரம் சுழற்றினால், தடித்த வால்மயிர் சோப்பைப் பெயர்த்து எடுக்கிறது. தண்ணீருக்குத் தண்டம் கட்டியது போக முகத்துக்கும் மிஞ்சுகிறது. கன்னத்தில் வட்டமாகப் போட்டுத் தேய்க்கக் கூடாது, மயிர் முறுக்கிக்கொள்ளும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் மேலும் கீழும் இழுக்க வேண்டும்.

கேன் தண்ணீரில் எந்தப் பிரஷ்ஷும் பண்டிதர்தான். அரை டம்ளர் ஊற்றினால் தயிர்போல நிற்கும் நுரை வருகிறது. லாரித் தண்ணீர் லாரிக்கு லாரி வேறுபடுவதால் இலக்கணத்துள் அடங்காது, புறனடையால் கொள்க. மழைத் தண்ணீர் எல்லாவற்றிலும் சிறந்தது. ஐப்பசி அடைமழையில் மொட்டை மாடிக் குழாயடியில் வாளி வைத்துப் பிடித்த தண்ணீரில் குதிரைப் பிரஷ் போட்டவர், மற்ற பதினொரு மாதமும் அதைச் சொல்லிச் சொல்லி வீட்டாரை அலுக்க வைப்பார். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியபோது இந்தப் பயனை அரசு விளம்பரத்தில் சேர்க்காமல் விட்டது குறையே.

சலூன்காரர் ஒருவரிடம் பிரஷ்ஷைக் காட்டினேன். விரலால் கொத்தை மடக்கிப் பார்த்து, கன்னத்தில் ஒருமுறை தேய்த்துக்கொண்டு, "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா கடைக்கு ஆவாது. நாங்க இப்ப ஸ்ப்ரே அடிச்சு கிரீமக் கையாலயே போட்டுர்றோம்" என்றார். அவர் சொன்னது சரி. ஒரே பிரஷ் ஊர் முகமெல்லாம் சுற்றிய காலம் போனது நல்லதே. செவ்வாய்க்கிழமை சலூன் லீவு, அன்று வீட்டில் சவரம் செய்ய வேண்டியவர்களுக்காகவே இந்தப் பிரஷ் என்று வைத்துக்கொண்டாலும் குறைவில்லை.

வாங்க விரும்புவோருக்கு: பிடரியும் வாலும் கலந்த கொத்தாகக் கேளுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள், கொத்தைக் கைப்பிடியில் பிடித்திருக்கும் பசை விட்டுவிடும். சோப்பு போக அலசி, உதறி, காற்றாட வையுங்கள். படிகாரக் கட்டியைக் கடைசியில் தேய்க்க மறக்காதீர்கள். "மாப்ள, ஒரு நாளைக்குக் குடு, போட்டுப் பாக்கறேன்" என்று மச்சான் கேட்பார். டீ வாங்கிக் கொடுங்கள். பிரஷ்ஷைக் கொடுக்காதீர்கள்.