ஓரடி அகல வேகத்தடைக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: எங்கள் தெருமுனை வேகத்தடைக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள் (மாநகராட்சியா, நெடுஞ்சாலையா, ஊராட்சியா என்பது தங்களுக்குள் முடிவானதும் தெரிவிக்கவும்).

பொருள்: வீட்டில் கட்டிய மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கைச் சரிசெய்ய இலவசச் சோதனைத் தளம் அமைத்துத் தந்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. ஐ.ஆர்.சி. 99, 1988. 2. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52.

ஐயா / அம்மா,

பழைய புல்லட் 350 ஒன்றின் சேசிஸையும் எஞ்சினையும் வைத்துக்கொண்டு மிச்ச வண்டியை வீட்டு வாசலிலேயே கட்டியவன் நான். எஞ்சின் ஓடிவிட்டது, பிரேக் பிடித்துவிட்டது. முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதிர்வை வாங்கும் ஃபோர்க் மட்டும் படியவில்லை. அதற்குத் தாங்கள் செய்துவரும் உதவியை ஊரறியச் சொல்லவே இம்மடல்.

இந்த ஃபோர்க் மொத்தம் 130 மில்லிமீட்டர் அமுங்கும். நான் ஏறி உட்கார்ந்ததும் அதில் கால்பங்குக்குச் சற்று மேல், 35 மில்லிமீட்டர் போல, தானாக இறங்கி நிற்க வேண்டும். பள்ளத்தில் சக்கரம் கீழே நீள அந்த இடம் தேவை. அதிகம் இறங்கினால் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு வாஷரோ பைப் துண்டோ வைத்து மூடியை முடுக்குவோம். இதனால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று எங்கள் பக்க மெக்கானிக்குகளுக்கு ஒரு நம்பிக்கை. ஆகாது. வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். போகட்டும், மேட்டின்மேல் ஏறும்போது அமுங்க மிஞ்சுவது 95 மில்லிமீட்டர். தங்கள் மேட்டின் உயரம் 100. யாரோ அளந்துதான் போட்டிருக்கிறார்கள்!

பார்வை ஒன்றில் கண்டது இந்திய சாலைக் காங்கிரஸின் (கட்சி அல்ல, சாலைப் பொறியாளர்கள் 1934 முதல் நடத்தும் அமைப்பு) 1988-ஆம் ஆண்டு வழிகாட்டி. அதன்படியும் வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர்தான். ஆனால் அகலம் 3.7 மீட்டர், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு, மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கலாம். 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை, மேட்டின்மேல் பட்டை பட்டையாகப் பெயின்ட். தாங்கள் இதில் உயரத்தை மட்டும் அப்படியே கடைப்பிடித்து, அகலத்தில் சிக்கனம் செய்து ஓரடியில் முடித்துவிட்டீர்கள். தாரின் விலை எனக்கும் தெரியும்.

ஃபோர்க்குக்குத்தான் தெரியவில்லை. 3.7 மீட்டர் மேட்டில் அதே 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏறி இறங்க அரை நொடி ஆகும், உச்சிக்குப் போக அதில் பாதி. தங்கள் மேட்டின் உச்சிக்கோ ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் போய்விடலாம். அதாவது ஃபோர்க் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு வேகமாக அமுங்க வேண்டும். உள்ளே இருப்பது ஒரு குழாயும் அதில் சில துளைகளும். எண்ணெய் அந்தத் துளை வழியாகப் புக வேண்டும், வேகம் கூடக்கூட எதிர்ப்பு அதன் வர்க்கமாக ஏறும். பன்னிரண்டின் வர்க்கம் 144. எங்கள் தெருமுனையில் ஃபோர்க் அசையாமல் விறைத்து நிற்பது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது: பழைய 144 தடை உத்தரவு அமலில் இருக்கிறது. டயர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மீதி என் மணிக்கட்டுக்கு.

இளகிய எண்ணெய் ஊற்றலாமே என்பீர்கள். ஊற்றலாம். மேட்டைத் தாண்டிவிடும், தாண்டிய கையோடு துள்ளும், பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தும். அமுங்கும்போதும் விரியும்போதும் ஓடுவது அதே எண்ணெய்தானே? கெட்டியான எண்ணெய் ஊற்றினால் மற்ற சாலைகளில் ஒவ்வொரு சிறு கல்லையும் எண்ணிக்கொண்டே வீடு சேரலாம். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைப் பிடித்துவிட்டால், அடுத்த வாரம் யாரோ அந்த மேட்டின்மேல் இன்னொரு கூடைத் தார் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஆயில் சீல் கடைக்காரர் தங்களுக்குத் தனியாக நன்றி தெரிவிக்கச் சொன்னார்.

பார்வை இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. நான் மாற்றவில்லை. ஸ்பிரிங், எண்ணெய், வாஷர் எதுவும் ஆர்.சி. புத்தகத்தில் ஏறாத சமாச்சாரம். ஆனாலும் சோதனைக்கு நிறுத்தினால் சேசிஸ் எண்ணைத் துடைத்துக் காட்டுகிறேன். இந்தச் சட்டமும் அந்த வழிகாட்டியும் ஒரே வருடத்தில் பிறந்தவை. ஒன்றை மீறினால் தண்டனை உண்டு. மற்றதை மீறியவரிடம் ஆர்.சி. கேட்க எந்தச் சாலையிலும் ஆள் நிற்பதில்லை.

எனவே, மேற்படி மேட்டை இரு பக்கமும் இழுத்து 3.7 மீட்டராக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நிதி இல்லையெனில் வெள்ளைப் பட்டையாவது அடியுங்கள், இரவில் வருபவர்களுக்குப் புண்ணியமாகப் போகும். அதுவும் இயலாதெனில், இந்த வேகத்தடை தங்களுடையது அல்ல என்று ஒரு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுங்கள். கடப்பாரை என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் சோதனைத் தளத்தின் நிரந்தரப் பயனாளி