டிவியில் கான்ட்ரா ஏன் திக்குகிறது?

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. பனியன் கம்பெனி ஊரில் வாரத்துக்கு ஒரு நாள்தான் குடும்பத்தோடு உட்கார முடிகிறது. அன்றைக்கு ஆண்ட்ராய்டு போனில் எமுலேட்டரை ஏற்றி, பழைய கேசட் விளையாட்டை டிவியில் போட்டால் படம் வெட்டி வெட்டி ஓடுகிறது என்று திருப்பூர்ப் பக்கத்து வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். பெரும்பாலான வைத்தியத்துக்குக் காசு தேவையில்லை.

கேள்வி: போன்ல 8 ஜிபி ரேம் இருக்குதுங்க. அந்தக் காலத்து மரியோவே டிவியில ஜெர்க் அடிக்குது. போனை மாத்தோணுங்களா?
– நிட்டிங் ஆபரேட்டர், ராயபுரம்

பதில்: மாற்றாதீர்கள். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழு விளையாட்டும் 40 கேபிதான். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ அதைவிடப் பெரியது. பலத்தில் உங்கள் போனுக்குக் குறையே இல்லை. குறை, வேகம் பொருந்தாததில் இருக்கிறது.

மரியோ ஓடிய நின்டெண்டோ பெட்டி விநாடிக்கு 60.1 படம் வரையும். டிவி தன் கணக்கில் விநாடிக்கு 50 அல்லது 60 படம் காட்டும். உங்கள் மெஷினில் ஃபீடர் நூல் கொடுக்கும் வேகமும் சிலிண்டர் சுற்றும் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் துணியில் குறை விழுகிறது அல்லவா? எவ்வளவு விலை உயர்ந்த நூலைப் போட்டாலும் அது சரியாகாது. இதுவும் அதே கதை. ஒத்துப்போகாத இடம் எது என்று தேடுவதுதான் வேலை.

கேள்வி: போனுங்கூட வேண்டாம்னு ஆண்ட்ராய்டு பாக்ஸையே டிவியில மாட்டி, அதிலேயே கேம் போட்டேன். மரியோ ஓடுறப்ப பின்னாடி இருக்கிற செங்கல் எல்லாம் துடிச்சுத் துடிச்சு நகருது. ஏனுங்க?
– பவர் டேபிள் டெய்லர், பெருமாநல்லூர்

பதில்: முதலில் பாக்ஸின் டிஸ்பிளே செட்டிங்கில் ரெசல்யூஷன் என்ற இடத்தைப் பாருங்கள். ‘1080பி 50 ஹெர்ட்ஸ்’ (விநாடிக்கு 50 படம்) என்று இருந்தால் திருடன் பிடிபட்டான்.

1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தபோது இந்தியா பால் முறையைத் தேர்ந்தெடுத்தது. அதன் கணக்கு 50. அந்தப் பழக்கத்தில் இன்றும் நம் ஊர்ப் பெட்டிகள் சில 50லேயே நிற்கின்றன. சீரியலும் செய்தியும் அதில் நன்றாகவே ஓடும். அறுபது படம் வரையும் விளையாட்டு வந்தால், விநாடிக்குப் பத்துப் படத்தைத் தூக்கி எறிந்தாக வேண்டும். ஆறில் ஒன்று போனால் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? 1080பி 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அரை நிமிட வேலை.

4கே டிவிக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பழைய எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே போனால் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் கிடைக்காது. பாதிப் படம் காணாமல் போகும். நாற்பது வருடத்துக்கு முந்தைய மரியோவுக்கு 4கே எதற்கு? 1080பி 60 போதும்.

கேள்வி: லைன் வீட்டில் இருக்கிறோம். போனை டிவிக்கு காஸ்ட் பண்ணினால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அதிகமாக மாட்டுகிறது. பகலில் சுமாராக ஓடுகிறது. பேய் ஏதாவதா?
– செக்கிங் வேலை செய்யும் பெண், 15 வேலம்பாளையம்

பதில்: பேய் இல்லை, பக்கத்து வீடு. ஒன்றரை ஷிப்ட் முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரம் அது. பத்து வீடும் ஒரே நேரத்தில் ரீல்ஸ் பார்க்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ப்ளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. உங்கள் கன்ட்ரோலரும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறது.

காஸ்ட் செய்யும்போது போன் ஒவ்வொரு படத்தையும் சுருக்கி, வைஃபையில் ரவுட்டருக்கு அனுப்பி, ரவுட்டர் அதைத் திரும்ப வைஃபையிலேயே டிவிக்கு அனுப்பி, டிவி விரித்துக் காட்ட வேண்டும். சினிமா பார்த்தால், முன்கூட்டியே கொஞ்சம் சேமித்துச் சமாளித்துவிடும். விளையாட்டில் அடுத்த நொடி நீங்கள் எந்தப் பட்டனை அழுத்துவீர்கள் என்று யாருக்கும் தெரியாது, சேமிக்க வழியில்லை.

மூன்று காரியம் செய்யுங்கள். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் போனையும் டிவியையும் அதில் இணையுங்கள். டிவிக்கு லேன் ஒயர் போட முடிந்தால் போடுங்கள். காற்றில் போகும் சுமை பாதியாகும். எல்லாவற்றையும்விட நல்லது, உங்களுடையது ஆண்ட்ராய்டு டிவியாக இருந்தால் எமுலேட்டரை டிவியிலேயே இறக்கி, விளையாட்டைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடுவது. 1 ஜிபி ரேம் உள்ள சாதாரண டிவிக்கும் மரியோவும் கான்ட்ராவும் பாரமே இல்லை. காஸ்ட் என்ற நடுவழியே ஒழிந்துவிடும்.

கேள்வி: வைஃபையே வேண்டாம், டைப்-சி டு எச்டிஎம்ஐ ஒயர் வாங்கிடலாமுங்களா? கடைக்காரர் எல்லா போனுக்கும் ஆகும்னு சொல்றாரு.
– கட்டிங் மாஸ்டர், அனுப்பர்பாளையம்

பதில்: எல்லா போனுக்கும் ஓட்டை பொருந்தும், எல்லா போனிலிருந்தும் படம் வராது. ‘டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோடு’ என்ற வசதி போனில் இருந்தால்தான் அந்த ஒயர் வேலை செய்யும். சாம்சங் கேலக்ஸி எஸ்8 முதலான எஸ் வரிசைப் போன்களில் அது உண்டு. கூகுள் பிக்சல் 8க்கு 2024இல் வந்த அப்டேட்டில் கிடைத்தது. பட்ஜெட் போன்களில் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0தான், சார்ஜ் ஏறும், பாட்டு மாறும், படம் வராது. உங்கள் போன் மாடலின் விவரப் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சம்பளப் பணத்தை எடுங்கள். இருந்தால், இதைவிட நல்ல வழி கிடையாது.

கேள்வி: ‘கேம் பூஸ்டர்’ ஆப் போட்டால் சரியாகுமா?
– கல்லூரி மாணவர், பல்லடம்

பதில்: விளம்பரம் நன்றாக ஓடும்.

கேள்வி: 60 ஹெர்ட்ஸ்தான் வைத்திருக்கிறேன். படம் வழுவழு என்று போகிறது. ஆனால் நாலு விநாடிக்கு ஒரு முறை சின்னதாக ஒரு இழுப்பு. மனசு அங்கேயே போகிறது.
– மெர்ச்சண்டைசர், அவிநாசி ரோடு

பதில்: ஏற்றுமதி சாம்பிளில் ஒரு இழை தவறினாலும் கண்டுபிடிக்கும் கண் உங்களுக்கு. நீங்கள் ஆடுவது கேம்பாய் அட்வான்ஸ் விளையாட்டாக இருக்கும். அதன் கணக்கு 59.73. அறுபதுக்கு 0.27 குறைவு. நான்கு விநாடிக்குள் ஒரு படம் பற்றாக்குறையாகி, ஒரே படம் இரண்டு தடவை வருகிறது. அதுதான் அந்த இழுப்பு.

ரெட்ரோஆர்ச் எமுலேட்டரில் இதற்கு மருந்து உள்ளேயே இருக்கிறது. வீடியோ செட்டிங்கில் விசிங்க் (விளையாட்டின் படத்தை டிவியின் வேகத்தோடு கோக்கும் வசதி) ஆன் ஆக இருக்கட்டும். ‘செட் டிஸ்பிளே-ரிப்போர்ட்டட் ரெஃப்ரெஷ் ரேட்’ என்பதை ஒரு முறை அழுத்துங்கள். ஒலிப் பகுதியில் டைனமிக் ரேட் கன்ட்ரோல் ஆன் ஆக இருக்க வேண்டும். அப்போது அது விளையாட்டை அரை சதவீதம் வேகப்படுத்தி டிவியோடு கோத்துவிடும். பாட்டின் சுருதி மாறுவது காதுக்கே தெரியாது. வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருக்கும்வரை இந்த வித்தை பலிக்கும். ‘த்ரெடட் வீடியோ’ ஆன் ஆக இருந்தால் அணைத்துவிடுங்கள். அது திணறும் கருவிக்குக் கைகொடுக்க வந்தது. கூடவே திக்கலையும் கொண்டுவரும். ‘ரன்-அஹெட்’ பட்டன் தாமதத்தைக் குறைக்கும், ஆனால் ஒரே படத்துக்கு இரட்டை வேலை வாங்கும். சக்தி குறைந்த பாக்ஸில் அதுவும் வேண்டாம்.

கேள்வி: சின்ன வயசுல காதர்பேட்டையில வாங்கிக் குடுத்த கேசட் பெட்டியில ஆடினப்ப கான்ட்ரா இவ்வளவு வேகமா ஓடலைங்க. எனக்கு வயசாயிடுச்சுங்களா?
– டையிங் சூப்பர்வைசர், காங்கேயம் ரோடு

பதில்: உங்கள் ஞாபகம் சரியானது! நம் ஊருக்கு வந்த நகல் பெட்டிகள் பால் டிவிக்காகச் செய்யப்பட்டவை. விநாடிக்கு 50 படம். கான்ட்ரா போன்ற விளையாட்டுகள் நேரத்தைப் படத்தை எண்ணித்தான் கணக்கிடும். அறுபதுக்கு எழுதியது ஐம்பதில் ஓடினால் ஓட்டம், குதிப்பு, குண்டு, பாட்டு எல்லாமே சுமார் 17 சதவீதம் மெதுவாகும். ஜப்பான் பையன் ஆடியதைவிட நிதானமான கான்ட்ராவைத்தான் இந்தியப் பையன் ஆடி வளர்ந்தான்.

அதே வேகம் வேண்டுமா? ரெட்ரோஆர்ச்சில் எஃப்சிஇயுஎம்எம் அல்லது நெஸ்டோபியா என்ற நிரலை ஏற்றி, அதன் ஆப்ஷனில் ‘டெண்டி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெண்டி 1992இல் ரஷ்யாவில் வந்த நகல் பெட்டி. அதுவும் 50 கணக்குதான். அப்படி ஆடும்போது மட்டும் டிவியை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். மேலே எல்லோருக்கும் 60 சொன்னேன். உங்களுக்கு 50 சொல்கிறேன். எண் முக்கியமில்லை, இரண்டும் ஒன்றாக இருப்பதே முக்கியம்.

கேள்வி: முஸ்தபா கேம் நல்லாப் போகுது. மெட்டல் ஸ்லக் 2 மட்டும் ஆள் கூட்டம் வந்தா ஊர்ந்து போகுது. எந்த செட்டிங் மாத்துறது?
– அயர்ன் மாஸ்டர், ஊத்துக்குளி

பதில்: எதையும் மாற்றாதீர்கள். முஸ்தபா என்று நாம் அழைக்கும் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ 1993இல் கேப்காம் செய்தது. அதன் வேகம் சுமார் 59.6, டிவியோடு எளிதில் ஒத்துப்போகும். 1998இல் வந்த மெட்டல் ஸ்லக் 2 அசல் மெஷினிலேயே ஊர்ந்தது. அதைச் சரிசெய்துதான் 1999இல் மெட்டல் ஸ்லக் எக்ஸ் வந்தது. அதை ஆடுங்கள். மார்ட்டல் காம்பாட் கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 1992இன் அந்த ஆர்கேட் மெஷின் 54.7இல் ஓடியது. 60க்குக் கட்டுப்பட்ட டிவியில் அசல் வேகத்தில் ஆடினால் அதன் திக்கல் முழுதாகத் தீராது.

கேள்வி: படம் பரவாயில்லை, சத்தம் மட்டும் கரகரவென்று உடைகிறது.
– பேக்கிங் பிரிவு, மங்கலம் ரோடு

பதில்: கைவசம் இருக்கும் ஒலி போதாமல் தீர்ந்துபோகிறது. ரெட்ரோஆர்ச்சின் ஒலிப் பகுதியில் ஆடியோ லேட்டன்சியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றி, டிவி ஸ்பீக்கரிலேயே கேளுங்கள்.

கேள்வி: திக்கல் இல்லை. பட்டன் அழுத்தினால் அரை மூச்சு கழித்துத்தான் மரியோ குதிக்கிறார். குழியில் விழுந்துவிட்டு என் மகன் என்னைத் திட்டுகிறான்.
– இல்லத்தரசி, குமரன் ரோடு

பதில்: மகனைத் திட்டாதீர்கள், குற்றவாளி டிவி. படத்தை மெருகேற்றுகிறேன் என்று இரண்டு படத்துக்கு நடுவே தானே ஒரு படத்தைச் செய்து செருகுகிறது. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர். அதை அணைத்து, ‘கேம் மோடு’ போடுங்கள். முடிந்தால் ஒயர் உள்ள கன்ட்ரோலர் வாங்குங்கள்.

கேள்வி: முதல் கால் மணி நேரம் அருமை. அப்புறம் மெதுவாகிறது. சிமெண்ட் ஷீட் வீடு.
– ஹெல்பர், நல்லூர்

பதில்: சூடு. போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டபடி ஆடாதீர்கள், ஃபேன் காற்றில் வையுங்கள், பேட்டரி சேவரை அணையுங்கள். டிவி ஸ்டிக் வைத்திருப்பவர்கள் டிவியின் யுஎஸ்பி ஓட்டையில் மின்சாரம் எடுக்க வேண்டாம். யுஎஸ்பி 2.0 அரை ஆம்பியர்தான் தரும் என்பது விதி. ஸ்டிக்கோடு வந்த அடாப்டரையே சுவரில் செருகுங்கள்.

கேள்வி: பத்தாயிரம் கேம் போட்ட பென்டிரைவ் விற்கிறார்கள். வாங்கலாமா?
– டிப்ளமோ மாணவி, காங்கேயம்

பதில்: வேண்டாம். எமுலேட்டர் தப்பில்லை, அடுத்தவர் விளையாட்டை நகலெடுத்து விற்பது தப்பு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே எண்ணப்படுகிறது. 1985இன் மரியோவுக்கு இன்னும் காவல் உண்டு. சொந்தமாக வாங்கியதற்குக் காப்புப் பிரதி எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. மைக்ரோ மேஜஸ் போல, பழைய பெட்டிக்காக இன்று புதிதாக எழுதி விற்கும் விளையாட்டுகளும் இருக்கின்றன. அந்தக் காசு உழைத்தவர் கைக்குப் போகும். உழைப்பை நம்பி வாழும் ஊர் அதை மதிக்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவும் ஞாபகம் இருக்காதுங்க. சுருக்கமாச் சொல்லுங்க.
– ஓவர்லாக் டெய்லர், அங்கேரிபாளையம்

பதில்: முதலில் டிவியின் ஹெர்ட்ஸ். அடுத்து கேம் மோடு. மூன்றாவது, காஸ்ட்டை விட்டுவிட்டு டிவியிலேயே எமுலேட்டர். நான்காவது விசிங்க். கடைசியாக ஒலியும் சூடும். ‘240பி டெஸ்ட் சூட்’ என்ற இலவச நிரலை எமுலேட்டரில் போட்டு, அதன் ஸ்க்ரோல் சோதனையை ஓட்டிப் பாருங்கள். திக்கல் தீர்ந்ததா என்று உடனே தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எது மருந்து என்றே தெரியாது. இந்த ஐந்தையும் செய்து முடிக்கும்வரை வாரச் சம்பளத்தில் ஒரு ரூபாயைக்கூட இதற்காக எடுக்காதீர்கள்.