ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷுக்கு லீவா?

கேள்வி: பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது. சில நாள் அந்தப் பக்கம் பிரஷ் போடாமல் விட்டால் ஆறிவிடாதா? கிளீனிங் செய்தால் பல் ஆடிவிடும் என்றும் பயமுறுத்துகிறார்களே?

பதில்: ரத்தம் வரும் இடம் பிரஷ்ஷைக் கூப்பிடுகிறது, நீங்களோ அதற்கு லீவு கொடுக்கப் பார்க்கிறீர்கள்! டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் சக ஆய்வாளர்களும் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமலே இருக்கச் சொல்லி, முடிவை 1965-இல் வெளியிட்டார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணிந்தது. ஆக, குற்றவாளி பிரஷ் அல்ல, பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படியும் கிருமிப் படலம். முரட்டு பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தாலும் ஈறு புண்ணாகும், உண்மைதான். அதற்கு மென்மையான பிரஷ்தான் மாற்று, துலக்காமல் விடுவது அல்ல.

கிளீனிங் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. படலம் இறுகிக் காரையாகி, அதனடியில் அழற்சி முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. அப்போது காரையை எடுத்தால், அது அடைத்திருந்த இடைவெளியும் முன்பே இருந்த ஆட்டமும் தெரிகின்றன. பழி மருத்துவர்மேல் விழுகிறது! வலியே இல்லாமல் எலும்பு கரைவதுதான் கொடுமை. புகைப்பவர்களுக்கு ரத்தக் கசிவுகூடக் குறைவாகத் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். கரைந்த எலும்பு தானாக வளராது. இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் ரத்தம் நிற்காவிட்டால், தயவுசெய்து பல் மருத்துவரைப் பாருங்கள்.