கல்யாணப் போட்டோ இருக்கா?

கே: என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. நான் ஒன்று தருகிறேன் என்றேன். ஆஸ்பத்திரியில் கல்யாணப் போட்டோ கேட்கிறார்கள். கோயிலில் தாலி கட்டினார், அவ்வளவுதான். சேர்ந்து வாழ்ந்ததற்குமா சாட்சி?
– உப்பளத் தொழிலாளி, மரக்காணம்

ப: உங்கள் ஊருக்கு வேண்டாம் தாயே, சட்டத்துக்கு வேண்டும். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி கணவனும் மனைவியும் நெருங்கிய உறவினர். அதனால் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே அனுமதி முடிந்துவிடும். ஆனால் மணமானவர்கள்தானா என்று உறுதிசெய்யச் சொல்கின்றன 2014-ஆம் ஆண்டு விதிகள். போட்டோ அதில் ஒரு சான்று மட்டும்தான். பெற்றோர் பெயருள்ள பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், குடும்பமாக எடுத்த படம், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய கல்யாணத்தையும் இந்து திருமணச் சட்டப்படி பதியலாம். முதலில் அதை விசாரியுங்கள்.

கே: ஏழைகள் என்றால் ஏன் இவ்வளவு சந்தேகம்?
– கூனிமேடு

ப: ஏழைகளிடம்தான் கிட்னி வாங்கினார்கள் என்பதால். சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் கடனுக்காகக் கிட்னி விற்றது 2007-இல் வெளியே வந்தது. அதற்கு முன்பே வில்லிவாக்கத்துக்குக் கிட்னி விற்கும் ஊர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள். தரகர் வரும்போது கட்டுப் பணத்தோடு மட்டும் வரமாட்டார், பொய்யான உறவுமுறையும் பொய்ச் சான்றிதழும் அவர் கையிலேயே இருக்கும். உங்களைக் கேட்கிற கேள்வி அவருக்காக எழுதப்பட்டது. உண்மையான தம்பதிக்கு வலிக்கத்தான் செய்யும். கேட்கிறவர்கள் கொஞ்சம் மரியாதையாகக் கேட்கலாம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

கே: என் மனைவியைத் தனி அறையில் உட்காரவைத்து விசாரித்தார்கள். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் அவளை மிரட்டியா கூட்டி வந்தேன்?
– அனுமந்தை

ப: நீங்கள் மிரட்டவில்லை. மாமியார்? கடன்காரர்? ஊர்? உறுப்பு தருபவர் பெண் என்றால், அவர் சம்மதம் அவருடையதுதானா என்பதைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. நம் நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு அந்த ஒரு அறையாவது இருக்கட்டும். அங்கேயும் அவர் "தருகிறேன்" என்று சொல்லியிருந்தால், வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கே: நான் மனைவிக்குத் தர நினைத்தேன். ரத்த வகை ஒன்றுதான். ஆனாலும் 'கிராஸ் மேட்ச்' சேரவில்லை என்கிறார்கள். மூன்று பிள்ளை பெற்றவர்களுக்குள் எப்படிச் சேராமல் போகும்?
– கந்தாடு

ப: அந்த மூன்று பிள்ளைகளால்கூட இருக்கலாம். வயிற்றுப் பிள்ளையில் பாதி நீங்கள். கர்ப்ப காலத்தில் அந்தப் பாதியை வேற்றாள் என்று அடையாளம் கண்டு தாயின் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடுவது உண்டு. பிறகு உங்கள் கிட்னி வந்தால் அதையும் தாக்கும். இதில் அவர் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஒரு வழி திறந்தது. இதே நிலையில் இருக்கும் இன்னொரு தம்பதியோடு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கிட்னி அந்த வீட்டுக்கு, அவர்களுடையது உங்கள் வீட்டுக்கு. இறந்தவரிடமிருந்து பெறும் பட்டியலிலும் இப்போதே பெயரைப் பதியுங்கள்.

கே: அனுமதி தரும் குழு மறுத்துவிட்டால்?
– சூணாம்பேடு

ப: காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். 30 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கே: ஒரு கிட்னி கொடுத்த பிறகு மறுபடி உப்புப் பாத்தியில் இறங்கலாமா?
– மரக்காணம்

ப: ஒன்றை வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம். ஆனால் உப்பளத்தில் வாழலாமா என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். ஆபீஸ் வேலை பார்ப்பவருக்குச் சொல்லும் பதில் உங்களுக்குப் போதாது. தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 90 சதவீதம் பேர் பாதுகாப்பான அளவைவிடக் கூடுதல் வெப்பத்தில் வேலை செய்தார்கள், 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. கண் கூசும் வெள்ளைப் பரப்பு, தலைக்கு மேல் ஒரு கீற்று நிழல் இல்லை. ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே உப்பு வாருகிறார்கள். கிட்னியைக் கெடுக்க இதைவிட நேர்வழி கிடையாது. பாத்தி ஓரம் ஒரு கொட்டகை, ஒரு குடம் நல்ல தண்ணீர், ஒரு கழிப்பறை. இவற்றைக் கேட்டு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கே: அனுமதிக்காகக் காத்திருக்கிறோம். அதுவரை நான் செய்யக்கூடியது என்ன?
– முதல் கேள்வி கேட்ட அதே சகோதரி

ப: டயாலிசிஸ் ஒரு தடவைகூடத் தவறக் கூடாது. தண்ணீர் டாக்டர் சொன்ன அளவு. உப்பு வாரிப் பிழைக்கிற வீட்டில் உப்பைக் குறை என்பது கொடுமைதான். ஆனாலும் கருவாடும் ஊறுகாயும் அவர் தட்டுக்கு வேண்டாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதையும் வாங்காதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் பாசத்தில் இளநீர் வெட்டிக் கொண்டுவருவார்கள். அதிலும் பொட்டாசியம்தான். மறுக்காமல் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.