பின் பிரேக்குக்குப் பாஸ்வேர்டு

பாஸ்டன், மாசசூசெட்ஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பாலக்கோட்டில் தக்காளி என்ன விலை போகிறது என்று எழுதுங்கள். இங்கே விற்கிற விலையைச் சொன்னால் நீங்கள் பட்டறையை மூடிவிட்டுத் தோட்டத்தில் இறங்கிவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை.

அமெரிக்காவில் அவனவன் காரை அவனவனே ரிப்பேர் பார்த்துக்கொள்வானாமே, அப்புறம் மெக்கானிக் எப்படிப் பிழைக்கிறான் என்று கேட்டிருந்தீர்கள். அவனவனே பார்ப்பது உண்மைதான், அதற்குக் காரணம் ஆர்வம் இல்லை, கூலி. மணிக்கு நூறு டாலருக்கு மேல் கேட்டால் பல் டாக்டருக்கும் தானாகவே ஸ்பேனர் பிடிக்க வந்துவிடும். அதற்கு ஏற்ற வசதியும் இருக்கிறது. ஆட்டோசோன் என்று ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் உதிரிபாகக் கடையில் டெபாசிட் கட்டினால் பிரேக் பிஸ்டனைத் தள்ளும் கருவி முதல் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி வரை இரவல் தருகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் வாபஸ். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் எரர் கோடைக் காசில்லாமல் படித்துச் சொல்கிறார்கள். சனிக்கிழமை வந்தால் தெருவில் பாதிப் பேருக்குக் கால் மட்டும்தான் வெளியே தெரியும், மிச்சமெல்லாம் காருக்கு அடியில். இந்தச் சனிக்கிழமை மெக்கானிக்குகளைத்தான் கார்க் கம்பெனிகள் இப்போது காலைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஸ்பேனர் இருக்கிறது, புதுப் பேட் இருக்கிறது, வேலையும் தெரியும். ஆனால் காருக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை வாங்கித் தரும் மென்பொருள் கம்பெனியிடம் இருக்கிறது. தொழில்நுட்பம் வளர்ந்தால் இப்படித்தான் ஆகும், என்ன செய்வது என்று பலரும் தோளைக் குலுக்குகிறார்கள். தொழில்நுட்பம் இப்படி ஒன்றும் கேட்கவில்லை, ஆபீசில் உட்கார்ந்து யாரோ கணக்குப் போட்டுப் பூட்டிய பூட்டு இது என்பது என் கட்சி.

பின் பிரேக்கையே பார்ப்போம். பழைய டிஸ்க் பிரேக் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீலைக் கழற்றி, காலிப்பர் போல்ட்டை அவிழ்த்து, தேய்ந்த பேடை உருவி, பிஸ்டனை உள்ளே தள்ளிப் புதுப் பேடைச் சொருகினால் முடிந்தது. இப்போது வருகிற பல கார்களில் ஹேண்ட்பிரேக் லீவரே கிடையாது, ஒரு பட்டன்தான். அதை இழுத்தால் பின் காலிப்பரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் குட்டி மோட்டார் பல்சக்கரத்தைச் சுற்றி, ஒரு திருகுத் தண்டை முன்னுக்குத் தள்ளி, பேடை டிஸ்கோடு இறுக்கிப் பிடிக்கும். புதுப் பேட் தடிமன் கூடுதல், ஆகவே அது உள்ளே போக வேண்டுமானால் தண்டு முழுக்கப் பின்னால் வர வேண்டும். பழைய பழக்கத்தில் கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே இருக்கிற பல்சக்கரம் போய்விடும். "பின்னால் வா" என்று அந்த மோட்டாருக்குச் சொல்ல ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஒரு கம்ப்யூட்டரைச் செருக வேண்டும். ஃபோக்ஸ்வேகன் பஸாட்டில் 2005லேயே இந்த வழக்கம் வந்துவிட்டது.

இனிமேல்தான் வேடிக்கை. இதே மாதிரி மோட்டார் உள்ள சில ஹோண்டா, மஸ்தா மாடல்களில் எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டியதில்லை. பெடலை மிதித்துக்கொண்டே பிரேக் பட்டனை ஒரு குறிப்பிட்ட வரிசையில் இழுத்துப் பிடித்து விட்டால் மோட்டார் தானாகப் பின்வாங்கிவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் ஓட்டுகிறவருக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைப்பார்கள், அவ்வளவுதான் நஷ்டம். டெஸ்லாவில் திரையிலேயே இதற்கு ஒரு சர்வீஸ் பக்கம் இருக்கிறது. ஒருவன் வண்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்ததை இன்னொருவன் வெளியே எடுத்து வாடகைக்கு விடுகிறான் என்றால், வித்தியாசம் பிரேக்கில் இல்லை. பி.எம்.டபிள்யூ பேட்டரியும் இதே கதைதான். பழைய பேட்டரியின் தளர்ச்சிக்கு ஏற்றபடி சார்ஜ் ஏற்றிப் பழகிய கார், புதியதையும் அப்படியே நடத்தினால் அதன் ஆயுள் குறையும். அதனால் "புதுசு வந்திருக்கிறது" என்று பதிவு செய்ய வேண்டும். காரணம் நியாயம்தான். ஆனால் உள்விளக்கின் நிறத்தை ஊதாவாக்கலாமா, பச்சையாக்கலாமா என்று கேட்பதற்குத் திரையில் இடம் வைத்தவர்களுக்கு "பேட்டரி புதுசா? ஆம், இல்லை" என்று ஒரு வரி வைக்க இடம் கிடைக்கவில்லை.

சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் ஸ்கேனர் கிடைக்கிறதே, புளூடூத்தில் போனிலேயே பார்த்துவிடலாமே என்று உங்கள் பட்டறைப் பையன் கேட்பான். வாங்கட்டும், நல்ல சாமான்தான். ஆனால் அந்தச் சாக்கெட்டைக் கம்பெனிக்காரர்கள் தர்மத்துக்கு வைக்கவில்லை. கலிபோர்னியாவின் புகைமூட்டம் பொறுக்காமல் அந்த மாநிலத்துக் காற்று வாரியம் ஆரம்பித்துவைத்த காரியம் அது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் காருக்கும் ஒரே சாக்கெட், ஒரே கோடு என்று சட்டமாயிற்று. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001, ஓபிடி-2 என்கிற இந்த ஏற்பாடு நம் நாட்டில் வந்தது 2013 ஏப்ரல். சட்டம் புகைக்காகப் போட்டது, எனவே புகையைச் சேர்ந்த விஷயம் மட்டும் பொதுப் பாஷையில் பேசும். பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அது மாருதியானாலும் மெர்சிடிஸானாலும் அதுதான் அர்த்தம். ஒரு காலத்தில் கார்புரேட்டர்மேல் காதை வைத்து ஊகித்ததை வண்டி தானே வாய்விட்டுச் சொல்கிறது என்பது பெரிய சௌகரியம், அதை நான் மறுக்கவில்லை. (கோடு சென்சாரைச் சொன்னால் உடனே சென்சாரை மாற்றிவிட்டு, கடைசியில் எலி கடித்த வயரைக் கண்டுபிடிக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.) பிரேக், ஏர்பேக், ஸ்டியரிங், ஏ.சி. ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள், அவை கம்பெனியின் சொந்தப் பாஷையில்தான் பேசும். படிப்பதாவது பரவாயில்லை, உத்தரவு போடுவது இன்னும் கஷ்டம். காமன் ரெயில் டீசல் வண்டியில் இன்ஜெக்டர் மாற்றினால் அதன் தலையில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமே, அந்த வேலையைச் சில நூறு ரூபாய் ஸ்கேனர் செய்யாது. பென்சில்வேனியாவில் ராஸ்-டெக் என்கிற கம்பெனி ஃபோக்ஸ்வேகன், ஆடி வகையறாவின் பாஷையைப் பேசும் மென்பொருளைத் தனியாக விற்கிறது. அதை வைத்துத்தான் இங்கே பலர் பின் பேட் மாற்றுகிறார்கள். ஆனால் அது அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும். உங்கள் பட்டறையில் ஒரே நாளில் எத்தனை கம்பெனி வண்டி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அத்தனை மென்பொருள் வேண்டும்.

"பிரேக் உயிர்ச் சமாசாரம்டா, கண்டவன் கை வைக்கக் கூடாது" என்பீர்கள். தொப்பூர் கணவாய்க்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறவர் அப்படிச் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கணவாயில் லாரிகள் எதனால் கவிழ்கின்றன? டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது, அளவுக்கு மீறிய லோடு, இறக்கம் முழுக்க மிதித்து மிதித்துப் பிரேக்கைச் சூடாக்குவது, சாலையின் சரிவும் வளைவும். இதில் மென்பொருள் எங்கே வருகிறது? இன்னொன்றும் யோசியுங்கள். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதன் பேடைப் பெரும்பாலான கார்களில் இன்றும் எவனும் கழற்றி மாட்டலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. உயிர்மேல் அக்கறையில் போட்ட பூட்டு என்றால் முன்னால் அல்லவா முதலில் தொங்கியிருக்க வேண்டும்? வேலை விலை ஏறினால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார்கள். தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிற பேட், பக்கத்து வீட்டுக்காரன் மாற்றிய பேடைவிட எந்த வகையில் பத்திரம்?

ஹேக்கர் வந்துவிடுவான் என்பது கொஞ்சம் கனமான வாதம். 2015ல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியைத் தூரத்திலிருந்தே முடக்கிக் காட்டினார்கள். கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பயம் பொய்யில்லை. ஆனால் அவர்கள் வந்த வழி செல்போன் நெட்வொர்க். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து சாக்கெட்டில் வயரைச் செருகிய மெக்கானிக் அதில் சம்பந்தப்படவில்லை. அதற்குப் பிறகு அதே கம்பெனி 2018 மாடல்களிலிருந்து சாக்கெட்டுக்கு ஒரு காவல்காரனைப் போட்டது. படிக்கலாம், உத்தரவு போட வேண்டுமானால் பதிவு செய்த கருவி வேண்டும். ஐரோப்பாவில் இந்த ஏற்பாட்டை எதிர்த்து வெளிப் பட்டறைக்காரர்கள் வழக்குப் போட, சட்டத்தில் இல்லாத நிபந்தனையைக் கம்பெனி தன் இஷ்டத்துக்குச் சுமத்தக் கூடாது என்று 2023 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. கதவுக்குப் பூட்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காரை வாங்கியவன் கையில் ஒரு சாவி ஏன் இல்லை என்பதே கேள்வி.

புகைக் கருவியில் கை வைத்து ஏமாற்றிவிடுவார்கள் என்றும் ஒரு வாதம் உண்டு. மென்பொருளில் கை வைத்து உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட டீசல் கார்களின் புகைக் கணக்கை ஏமாற்றியவர்கள் 2015 செப்டம்பரில் மாட்டினார்கள். அது ஒரு தெருமுனை மெக்கானிக் இல்லை, ஃபோக்ஸ்வேகன்.

நான் இருக்கிற இந்த மாநிலம்தான் இந்த விஷயத்தில் ரொம்பப் பிடிவாதம். 2012ல் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். கம்பெனி டீலருக்குக் கொடுக்கும் பழுதுபார்ப்புத் தகவலை வெளிப் பட்டறைக்கும் கொடுக்க வேண்டும் என்பதற்கு நூற்றுக்கு 86 பேர் ஆம் என்றார்கள். கம்பெனிகள் இறங்கிவந்து 2014ல் நாடு முழுவதற்குமான ஓர் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டன. வயர் வழியே போகும் தகவலைக் கொடுத்துவிட்டு, கம்பியில்லாமல் காரிலிருந்து நேராகக் கம்பெனிக்குப் போகும் தகவலைப் பிடித்து வைத்துக்கொண்டன. 2020ல் அதற்கும் ஓட்டு. அப்போது கம்பெனிகள் தரப்பில் வந்த டி.வி. விளம்பரம் ஒன்றை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருட்டான பார்க்கிங்கில் தனியாகப் போகும் ஒரு பெண்ணை யாரோ பின்தொடர்கிறான். பிரேக் பேட் மாற்றும் தகவலை மெக்கானிக்குக்குக் கொடுத்தால் இந்தக் கதிதான் என்பது தாத்பரியம். மக்கள் அசரவில்லை, நூற்றுக்கு 75 பேர் ஆதரித்தார்கள். உடனே கார்க் கம்பெனிகளின் சங்கம் வழக்குப் போட்டது, அது தள்ளுபடியாக 2025 பிப்ரவரி ஆயிற்று. நடுவில் சுபாருவும் கியாவும் இந்த மாநிலத்தில் விற்கும் புதுக் கார்களில் அந்தக் கம்பியில்லா வசதியையே அணைத்துவிட்டன. வைக்கோற்போரில் படுத்த நாய் என்று நம் ஊரில் சொல்வதை இவர்களுக்கு இங்கிலீஷில் எப்படியாவது புரியவைக்க வேண்டும்.

இதெல்லாம் பணக்கார நாட்டு வம்பு, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. பிஎஸ் 6 புகை விதி வந்த 2020ல் எக்ஸ்எல் மொபெட்டுக்கே கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷனும் இசியூவும் வந்துவிட்டன. பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றுகிற வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் 2023 முதல் புதுப் புகை விதி. நம்ம ஆட்கள் எதையும் உடைத்துவிடுவார்கள், திருட்டு மென்பொருள் கிடைக்கும் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. இங்கேயும் அதே கதைதான். ஜான் டியர் டிராக்டரை வைத்துக்கொண்டு தவித்த அமெரிக்க விவசாயிகள் உக்ரைனிலிருந்து வந்த உடைத்த மென்பொருளைத் தேடிப் போனார்கள் என்று 2017ல் செய்தி வந்தது. சொந்தக் காசில் வாங்கிய டிராக்டரை ரிப்பேர் பார்க்க ஒருவன் திருடனாக வேண்டியிருப்பதை நான் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். 2025 ஜனவரியில் இந்நாட்டு வணிக ஆணையமே ஜான் டியர்மேல் வழக்குப் போட்டது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நம் நாடு இதில் பின்தங்கவில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி, டாடா, மகிந்திரா, டொயோட்டா உள்ளிட்ட 14 கார்க் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகத்தையும் பழுது கண்டுபிடிக்கும் கருவியையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றம். கொடுங்கள் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. 2022ல் ஒன்றிய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் என்று நாலு துறை, கூடவே ஒரு இணையதளமும் திறந்தார்கள். இணையதளம் திறந்தால் போதாது, கார்க் கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிக்கிற பையனுக்கு நாளைக்குக் கையில் ஸ்பேனரோடு இந்த மென்பொருளும் இருந்தால்தான் தர்மபுரியிலேயே பட்டறை போட முடியும். இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சீருடை போட்டு வண்டி கழுவ வேண்டியதுதான்.

அதனால் சித்தப்பா, புதுக் கார் வாங்கப் போகிறவர் யாராவது பட்டறைக்கு வந்து யோசனை கேட்டால், மைலேஜையும் சன்ரூஃபையும் அப்புறம் பேசச் சொல்லுங்கள். "பின் பேடும் பேட்டரியும் மாற்ற உங்கள் மென்பொருள் வேண்டுமா? வேண்டுமென்றால் அதை வெளிப் பட்டறைக்கு என்ன விலைக்குத் தருவீர்கள்?" என்று ஷோரூமில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும், கட்டிய பிறகு கேட்டால் காபிதான் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்